நூற்று நாற்பது கண்ணாடிகள்

காலை எட்டேகால் மணிக்கு ஒர்னெல்லா செக்கரெல்லி அந்தக் கண்ணாடி உடைந்திருப்பதைப் பார்த்தாள். ஒன்பதரைக்குக் கதவு திறப்பார்கள். பதினொன்றுக்குப் பழங்கால ரோமானியப் படை வேடம் போட்ட முந்நூறு பேர் முரசடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடியை உரசுகிற மாதிரி நடந்து போகப் போகிறார்கள். ஏப்ரல் இருபத்தொன்று, ரோம் நகரத்தின் பிறந்தநாள். வருடத்தில் எந்த நாள் உடைந்தாலும் உடையலாம், இன்று உடையக் கூடாது.

கண்ணாடி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி அல்ல. விரல் நீளம், இரண்டு விரல் அகலம், அட்டையைப் போல மெல்லிசு. சுவரில் விரிசல் ஓடும் இடத்தில் அதற்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் குழைத்த ஜிப்சத்தால் ஒட்டிவிடுவார்கள். அது காய்வதற்குள் ஆணியால் தேதியைக் கீறி வைப்பார்கள். விரிசல் சும்மா கிடந்தால் கண்ணாடியும் சும்மா கிடக்கும். மயிரிழை நகர்ந்தால் போதும், பட்டென்று விட்டுவிடும். பழைய ரோமின் இடிபாடுகள் நிற்கும் ஃபோரத்தில் இப்படி நூற்று நாற்பது கண்ணாடிகள். தினமும் காலையில் ஒரு சுற்று நடந்து நூற்று நாற்பதையும் பார்ப்பது ஒர்னெல்லாவின் வேலை. பதினாறு வருடமாகப் பார்க்கிறாள்.

உடைந்தது 'குடல்' வழியில் இருந்த கண்ணாடி. பலத்தீனோ குன்றிலிருந்து புனித வீதிக்கு இறங்கும் வளைகூரை வழி அது. நாற்பதடி நீளம், செங்கல் கட்டு, நான்கு பேர் தோளுரசி நடக்கலாம். வரைபடத்தில் அதற்கு மரியாதையான லத்தீன் பெயர் ஒன்று உண்டு. வேலை செய்கிறவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

பத்தாம் தேதி அவள் கையாலேயே ஒட்டியது. நேற்றுக் காலை முழுசாக இருந்தது. இப்போது நடுவில் நேர்கோடாக விட்டிருந்தது. சில்லு எதுவும் தெறிக்கவில்லை, இரண்டு பாதியும் அதனதன் ஜிப்சத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தன. வலது பாதி மட்டும் நூலளவு கீழே இறங்கியிருந்தது. விரலை வைத்துத் தடவினாள். சின்னப் படி ஒன்று தட்டுப்பட்டது.

தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தாள். கூரை எப்போதும் போல இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வாக்கி டாக்கியை எடுத்தாள். குன்றின் மேல்முனையில் காவலுக்கு நிற்பவன் நேனோ. அவளோடு வேலைக்குச் சேர்ந்தவன், வாய் ஓயாதவன்.

"நேனோ, குடல்ல ஒரு கண்ணாடி போயிருச்சு. மேல்பக்கம் சங்கிலி போடு. கீழ்ப்பக்கம் நான் போடுறேன்."

பிறகு அலைவரிசையில் யாரோ ஒருவன் மூக்கால் கத்தினான்: "க்யா... க்யா... க்யா..."

"எவன்டா அது? உன் வீட்டுல செத்துப்போன அத்தனை பேரும் குழியில புரண்டு படுக்க!" என்றாள் ஒர்னெல்லா.

"நான் இல்லப்பா," என்றான் நேனோ. "ஒர்னே, யோசிச்சுத்தான் சொல்றியா? இன்னிக்குப் போயா?"

"நாள் பாத்தா உடையும் கண்ணாடி? போடுன்னா போடு."

"போடுறேன், போடுறேன். கையெழுத்து உன்னுது. நான் பச்சப்புள்ள, எனக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த 'க்யா'வுக்குக் காரணம் சென்ற செப்டம்பர். இதே வழியின் மேல்முனையில் ஒரு கண்ணாடி சில்லுச் சில்லாகிக் கிடந்தது. ஒர்னெல்லா சங்கிலி போட்டாள். இரண்டு நாள் வழி மூடிக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தொலைக்காட்சிக் குழு ஒன்று மூட்டை முடிச்சோடு திரும்பிப் போனது. மூன்றாம் நாள் யாரோ கண்காணிப்புக் கேமராவில் பதிவானதை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு கடற்காகம் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக் கோபப்பட்டு நாலு கொத்துக் கொத்தியிருந்தது. மாலைக்குள் அந்தப் படம் எல்லோருடைய கைபேசியிலும் இருந்தது. அன்றிலிருந்து ஒர்னெல்லாவுக்குக் கடற்காகம் என்று பெயர். இயக்குநர் வலேரி அவளைக் கூப்பிட்டனுப்பி, உட்காரச் சொல்லாமலே, "இன்னொரு தடவை இப்படி நடந்தா உங்களைக் கிடங்குக்கு மாத்திருவேன்" என்றார். கிடங்கு நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரத்தில் இருக்கிறது. உடைந்த ஜாடிகள் இருக்கும் பெட்டிகளுக்கு எண் ஒட்டும் வேலை. தகரக் கூரை, சிமெண்டுச் சுவர்.

ஒர்னெல்லாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்து நான்கு வயதில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் சாரத்தில் சுண்ணாம்பு தூக்கப் போனாள். அந்தச் சாரத்தில் அவள் ஒருத்திதான் பெண். முதல் வாரம் கொத்தனார்கள் அவளுடைய வாளியில் வேண்டுமென்றே கல் போட்டு வைத்தார்கள். இரண்டாவது வாரம் அவள் அந்தக் கல்லை எடுத்து மேஸ்திரியின் சாப்பாட்டுப் பையில் போட்டு வைத்தாள். அதற்குப் பிறகு யாரும் விளையாடவில்லை. பூச்சு, சாந்து, சுவர் பிரித்துக் கட்டுவது எல்லாம் அங்கே கற்றதுதான். மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டத் தொடங்கிய சமயத்தில் ஃபோரத்துக்குச் சுவர் பார்க்க ஆள் தேவைப்பட்டது. வந்தாள்.

வீட்டிலும் அதே புத்திதான். நகரத்தின் குவத்ராரோ பகுதியில் நாலாவது மாடி. குளியலறைச் சுவரில் ஒரு விரிசல், அதன் மேல் ஒரு கண்ணாடி. கணவன் எட்ஸியோ டிராம் ஓட்டுகிறான். குளிக்கிற இடத்தில் தேதி போட்ட கண்ணாடி எதற்கு என்று அதன் மேல் துண்டைத் தொங்கவிடுவான். அவள் எடுத்துப் போடுவாள். கல்யாணமாகி லத்தீனாவுக்குப் போய்விட்ட மகள், "அம்மா எங்க வீட்டுக்கு வந்தா முதல்ல சுவரைத்தான் பாக்குறா, பேரனை அப்புறந்தான் பாக்குறா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒர்னெல்லா கீழ்முனையில் சிவப்பு வெள்ளைச் சங்கிலியை மாட்டினாள். சங்கிலி போட எந்தக் காவலருக்கும் உரிமை உண்டு. படிவத்தில் பெயர், நேரம், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எடுப்பதற்குத்தான் இன்ஜினியரின் கையெழுத்து வேண்டும். காரணம் என்ற கட்டத்தில், 'கண்ணாடி உடைவு. வலப்பக்கம் இறக்கம்' என்று எழுதினாள். பேனாவை அழுத்திப் பிடித்ததில் காகிதம் ஓரிடத்தில் கிழிந்தது.

இன்ஜினியர் தாரியோ மக்ரினி ஒன்பதுக்கு வந்தான். முப்பத்திரண்டு வயது. முந்தின வருடம் ஃபோரம் முழுவதும் முப்பத்தெட்டு சென்சார்களைப் பொருத்தியவன் அவன்தான். கெட்டவன் இல்லை. 'க்யா' கத்தாத சிலரில் ஒருவன். கையில் டேப்லெட், காதில் தொலைபேசி, அதில் இயக்குநர் வலேரி.

"பாத்துட்டுச் சொல்றேன் மேடம்... ஆமா மேடம், பதினொண்ணு... தெரியும் மேடம்." தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தான். "பறவை இல்லியே?"

"பறவை கொத்துனா நொறுங்கும். இது விட்டிருக்கு. தொட்டுப் பாருங்க இன்ஜினியரே, வலது பக்கம் இறங்கியிருக்கு."

அவன் தொட்டுப் பார்த்தான். பிறகு டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். "இங்க பாருங்க. நம்ம சென்சார் இதே விரிசலுக்கு நேரா, இதுக்கு ஆறடி மேல இருக்கு. மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு நகர்ந்தாலும் சொல்லிரும். என்ன சொல்லுது? பூஜ்யம். நேத்துப் பூஜ்யம், போன மாசம் பூஜ்யம்."

"அப்ப என் கண்ணாடி ஏன் உடைஞ்சது?"

"மத்தியானம் வெயிலு, காலைல குளிரு. ஏப்ரல்ல கண்ணாடி உடையறது புதுசா?"

"மத்த நூத்தி முப்பத்தொம்போதும் இதே வெயில்லதான் இருக்கு."

தொலைபேசி மறுபடி அடித்தது. அவன் ஒலிபெருக்கியைப் போட்டான், அவளும் கேட்கட்டும் என்று.

"ஒர்னெல்லா," என்றது வலேரியின் குரல். குரல் உயரவில்லை. "முந்நூறு பேர் ஆறு மாசமா தயார் பண்ணியிருக்காங்க. மேயர் ஆபீஸ்லேருந்து ஆள் வராங்க. சென்சார் பூஜ்யம் காட்டுது. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"உடைஞ்ச கண்ணாடி இருக்கு மேடம்."

"செப்டம்பர்லயும் அதான் இருந்துச்சு. தாரியோ, நல்லாப் பாத்துட்டுப் பத்தரைக்குள்ள முடிவு பண்ணுங்க. திருப்தியா இருந்தா கையெழுத்துப் போட்டு வழியைத் திறங்க. ஒர்னெல்லா, நாளைக்குக் காலைல என்னை வந்து பாருங்க."

தொடர்பு அறுந்தது. தாரியோ அவள் முகத்தைப் பார்க்காமல், "வெளிச்சம் கொண்டுவந்து ஒரு தடவை முழுசாப் பாக்குறேன். பாக்காமப் போட மாட்டேன்" என்றான்.

கதவு திறந்தது. ஃபோரத்தில் ஒன்பதரைக்கு முதலில் காதில் விழுவது காலடிச் சத்தம். சரளைக் கல்லின் மேல் ஆயிரம் செருப்பு. பத்து மணிக்கெல்லாம் சங்கிலிக்கு இந்தப் பக்கம் கூட்டம் கெட்டியாகிவிட்டது. ஊர்வலம் குடலிலிருந்து இறங்கி வருவதைப் பார்க்க முன்னிடம் பிடித்தவர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மடக்கு நாற்காலியோடு வந்த கிழவர்கள், தோளில் குழந்தையோடு அப்பாக்கள்.

"ஏம்மா, இது எப்பத் திறக்கும்?"

"தெரியாது."

"இடிஞ்சு கிடக்கறதுக்குத்தானே பாக்கவே வரோம், இன்னும் என்ன இடியப் போகுது?" என்று ஒரு கிழவர் சொன்னார். கூட்டம் சிரித்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரோமானிய நூற்றுவர் தலைவன் வேடத்தில் ஒருவன் வந்தான். மார்பில் பித்தளைக் கவசம், தலைக்கவசத்தில் சிவப்பு மயிர்க்கொண்டை, முழங்காலுக்கு மேல் தோல் பாவாடை, கையில் தடி. தடியைப் பிடித்த விரல்களில் பைப் பசை அடை அடையாக ஒட்டியிருந்தது. பெயர் ஜெர்மானோ. சென்ட்டோசெல்லேயில் குழாய் வேலை செய்கிறவன். ஊர்வலத்துக்குத் தலைவன். படை மேலே குன்றில் அணிவகுத்துவிட்டது, இறங்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போக அவன் மட்டும் சுற்றுவழியில் வந்திருந்தான்.

"சங்கிலியா? என்ன சங்கிலி? அம்மணி, எடுங்க அதை."

"முடியாது."

"என் ஆளுங்க வெயில்ல இரும்புச் சட்டையில நிக்கறாங்க. ஒருத்தனுக்கு எழுபது வயசு. இன்னும் அரைமணி நிக்க வெச்சீங்கன்னா நிஜமாவே ரோமானியன் மாதிரி செத்துப் போயிருவான்."

"நிழல்ல உக்காரச் சொல்லுங்க."

"படை உக்காருமா? ஆயிரத்தெட்டு வேலைய விட்டுட்டு ஆறு மாசம் கால் மாத்தி வெக்கக் கத்துக்கிட்டோம். எதுக்கு? ஒரு கண்ணாடித் துண்டுக்காக வந்த வழியே திரும்பிப் போறதுக்கா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்கதானே அந்தக் கடற்காகம்?"

முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒர்னெல்லாவின் காது சூடாகியது. "ஆமா, நான்தான்," என்றாள். "கொத்திருவேன், தள்ளி நில்லுங்க."

பத்தேகாலுக்குத் தாரியோ விளக்கை அணைத்தான். வழி முழுவதும் அங்குலம் அங்குலமாகப் பார்த்திருந்தான். விரிசல் தோள் உயரத்தில் பழைய செங்கல்லில் ஓடியது. அதற்கு மேலே போன நூற்றாண்டில் வைத்த புதுச் செங்கல் ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு பெரிய சதுரமாக நின்றது. விரிசல் அந்தச் சதுரத்தின் விளிம்போடு நின்றுவிட்டது. சதுரத்தில் ஒரு கீறல் இல்லை. அதன் ஓரத்தில், விரிசலுக்கு நேர்மேலே, வெள்ளைப் பெட்டியாகச் சென்சார் உட்கார்ந்திருந்தது; அதன் கால்கள் கீழிருந்து தெரியவில்லை.

தாரியோ படிவத்தை வாங்கிச் சுவரில் வைத்துப் பேனாவைத் திறந்தான்.

"ஒர்னெல்லா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒரு கண்ணாடி ஒண்ணு சொல்லுது, சென்சார் வேற சொல்லுது. நான் எதை நம்புறது?"

ஒர்னெல்லா அவன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அவள் சங்கிலியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் முந்நூறு பேர், அவர்கள் பின்னால் இந்தப் பிள்ளைகள். ஏதாவது கேட்டு அவன் கையை நிறுத்தியாக வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டாள்.

"பூஜ்யத்தை வேணாம். கோட்டைக் காட்டுங்க."

"எந்தக் கோடு?"

"காலை மத்தியானம் ராத்திரின்னு ஏறி இறங்குமே, அந்தக் கோடு. கூரியா மண்டபத்துப் பக்கத்துச் சுவருக்கு ஒரு தடவை காட்டினீங்களே, அலையலையா."

அவன் பொறுமையிழந்து திரையை இரண்டு விரலால் விரித்தான். கோடு வந்தது. நேர்கோடு. பள்ளிக்கூடத்தில் அளவுகோல் வைத்துப் போட்டது போல.

"பாத்தீங்களா? அசையவே இல்ல."

"அதான் கேக்கறேன். கூரியாச் சுவர்ல விரிசல் மத்தியானம் மூடிக்குது, ராத்திரி திறக்குது. சூடு பட்டா செங்கல் வீங்கும், வீங்கினா விரிசல் இறுகும். விரிசல் விட்ட சுவர் எல்லாமே அப்படித்தான். இது மட்டும் ஏன் மூச்சே விடல?"

தாரியோவின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. அவன் மறுபடி திரையை விரித்தான். ஒரு வாரம், ஒரு மாதம், பின்னோக்கிப் போன அக்டோபர் வரை. நேர்கோடு. பக்கத்துச் சென்சாரை எடுத்துப் பார்த்தான். அலை. அடுத்தது. அலை. மறுபடியும் குடலுக்கு வந்தான்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான். "ஏணி எங்க இருக்கு?"

ஏணி கருவி அறையில் இருந்தது. இருவரும் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே வந்தபோது மணி பத்து நாற்பது. ஜெர்மானோ வழிவிட்டான். "இப்ப ஏணியா? அடுத்து என்ன, பாதிரியாரைக் கூட்டிட்டு வருவீங்களா?"

சங்கிலியைத் தாண்டி உள்ளே போகும்போதுதான் எங்கே போகிறோம் என்பது ஒர்னெல்லாவுக்கு உறைத்தது. அவள் மூட வேண்டும் என்று அடம்பிடித்த கூரைக்குக் கீழே ஏணியைச் சாய்த்து அவளே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தாரியோ ஏறினான். அவனுடைய காலணி அவள் முகத்துக்கு நேராக ஏறி, தலைக்கு மேலே போனது.

மேலே அவன் பெட்டிக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினான்.

"என்ன இன்ஜினியரே?"

"ரெண்டு காலும்," என்றான் அவன். குரல் மாறியிருந்தது. "சென்சாரோட ரெண்டு காலும் புதுச் செங்கல்லயே இருக்கு."

அவளுக்கு உடனே புரிந்தது. பழைய செங்கல்லில் துளை போடக் கூடாது, அது சட்டம். புதிதாக வைத்த செங்கல் ஒரு விரல்கடை உள்ளே தள்ளி இருக்கும், எது பழசு எது புதுசு என்று பிறகு வருகிறவன் குழம்பக் கூடாது என்பதற்காக. சென்சார் பொருத்த வந்தவர்கள் சட்டத்தை மீறவில்லை. பழசைத் தொடாமல், புதுசிலேயே இரண்டு திருகாணியையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒட்டுப் போட்ட துணியின் மேல் மட்டும் அளவெடுத்த மாதிரி. ஒட்டு அசையவில்லைதான். அதற்குப் பின்னால் சுவர் என்ன செய்கிறது என்று கேட்க அந்தப் பெட்டிக்கு வழியே இல்லை.

"யார் போட்டது?" என்று கேட்டாள், பதில் தெரிந்தே.

"நான்தான். மேல நின்னு நானே இடம் காட்டினேன்." அவன் விரல்முட்டியால் புதுச் செங்கல்லைத் தட்டினான். ஒரு தடவை. தள்ளி ஒரு தடவை. காலிப் பீப்பாயைத் தட்டினது போலச் சத்தம் வந்தது. தட்டிய இடத்தின் விளிம்பிலிருந்து சாந்து மணல், மெல்லிய இழையாக, ஒர்னெல்லாவின் தோளில் விழத் தொடங்கியது. தட்டுவதை நிறுத்திய பிறகும் விழுந்துகொண்டே இருந்தது.

"இறங்குங்க," என்றாள்.

அப்போது முரசு கேட்டது.

வெளியிலிருந்து அல்ல. குடலுக்குள்ளேயே, மேல்முனையிலிருந்து. வெயில் தாங்காமல் முன்வரிசையில் நின்ற முரசுக்காரர்கள் சங்கிலியைத் தாண்டி நிழலுக்காக உள்ளே வந்திருந்தார்கள். உள்ளே வந்ததும் கூரைக்குக் கீழே சத்தம் எப்படி எழுகிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. ஆறு பேர். அவர்கள் பின்னால், தாளம் கேட்டதும் கால் தானாக எழும்ப, முதல் அணி. வாக்கி டாக்கியில் நேனோ கத்திக்கொண்டிருந்தான்: "ஒர்னே! நான் விடல, அவனுங்களா தாண்டிட்டானுங்க! ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்!"

ஒவ்வொரு அடிக்கும் மணல் இழை தடித்தது.

ஒர்னெல்லா ஓடினாள். இருட்டில் எதிரே பித்தளையும் சிவப்பும் அசைந்து வந்தன. "நிறுத்துங்க! அடிக்காதீங்க! நிறுத்துங்க!" மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது அவர்களுக்கு விழாவின் பகுதியாகவே தெரிந்திருக்க வேண்டும். ஒருவன் சிரித்தான். அவள் முதல் முரசின் தோல் மேல் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைத்தாள். குச்சி அவள் புறங்கையில் விழுந்தது. மற்ற ஐந்து முரசும் நிற்கவில்லை.

அவள் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. லத்தீனில் ஒரே ஒரு சொல். ஆறு மாதப் பயிற்சியில் அந்தச் சொல்லுக்குத்தான் அவர்கள் நிற்கப் பழகியிருந்தார்கள். முரசு நின்றது, கால்கள் நின்றன. முதல் அணி மொத்தமும் கற்சிலையாக நின்றது.

ஜெர்மானோ சங்கிலியைத் தாண்டி வந்திருந்தான். தலைக்கவசம் கையில் இருந்தது. மூச்சு வாங்கியது. "முப்பது வருஷமா சுவரை உடைச்சுப் பைப் போடறவன் நான்," என்றான் அவளிடம், மெதுவாக. "அவர் தட்டினது வெளிய வரைக்கும் கேட்டுச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல, இல்லியா?"

"இல்ல."

அவன் படையைப் பார்த்தான். "டேய், தாளம் வேணாம். முரசைத் தோள்ல தூக்கிக்கோங்க. கடைசி ஆளுலேருந்து ஒவ்வொருத்தனா திரும்புங்க. சேந்தாப்ல கால் வெச்சீங்க, தொலைச்சுருவேன். சந்தைக்குப் போற கிழவிங்க மாதிரி நடங்கடா."

ஒவ்வொருவராகப் போனார்கள். கவசங்கள் உரசும் சத்தம் மட்டும். எழுபது வயதுக்காரர் கடைசியாகத் திரும்பும்போது ஒர்னெல்லாவின் வீங்கிய கையைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்றார். அந்த முதல் முரசை அடித்தது அவர்தான்.

வெளியே வந்தபோது தாரியோ தரையில் உட்கார்ந்து முழங்காலின் மேல் படிவத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். திறப்பதற்கான கட்டத்தில் பெரிய குறுக்குக் கோடு. அதற்குக் கீழே: 'சென்சார் தவறான இடத்தில் பொருத்தப்பட்டுள்ளது. பொருத்தியது நான். வழி மூடல் தொடர்கிறது.' கையெழுத்து, நேரம் பத்து ஐம்பத்தாறு.

அவன் முடிப்பதற்குள் வலேரி வந்துவிட்டார். விழாவுக்கு உடுத்திய நீல உடை, உயரமான குதிகால். படிவத்தை வாங்கி நின்றபடியே படித்தார். ஒர்னெல்லாவின் தோளில் அப்பியிருந்த மணலைப் பார்த்தார். மூடிக் கிடக்கும் வழியையும் அதற்கு முன்னால் நின்ற பிள்ளைகளையும் பார்த்தார்.

"எத்தனை சென்சார் மொத்தம்?" என்று தாரியோவைக் கேட்டார்.

"முப்பத்தெட்டு மேடம்."

"மத்ததெல்லாம் எதுல இருக்கு? பழசுலயா, புதுசுலயா?"

தாரியோ டேப்லெட்டில் முப்பத்தெட்டு இடங்களின் பட்டியலைத் திறந்தான். பழசா புதுசா என்று அதில் எங்கும் குறித்திருக்கவில்லை.

அன்று எதுவும் இடிந்து விழவில்லை. ஊர்வலம் சுற்றுவழியில் இறங்கியது, முக்கால் மணி தாமதம், முரசு இல்லாமல் தொடங்கிப் புனித வீதிக்கு வந்த பிறகு அடித்தார்கள். நான்கு மணிக்குள் குடலுக்குள் மரமுட்டு நின்றுவிட்டது. மே மாதம் புதுச் செங்கல் சதுரத்தைப் பிரித்தபோது பின்னால் பொந்து இருந்தது. ஒர்னெல்லா கையை விட்டாள், தோள் வரை போயிற்று, விரலுக்கு எதுவும் தட்டவில்லை. அன்றைக்கு முந்நூறு பேரும் நடந்திருந்தால் விழுந்திருக்குமா என்று யார் கேட்டாலும் தாரியோ பதில் சொல்வதில்லை. ஒர்னெல்லாவும் சொல்வதில்லை. தெரியாது என்பதுதான் உண்மை.

பிறந்தநாளுக்கு மறுநாள் காலை அவள் வலேரியின் அறைக்குப் போனாள். வரச் சொன்னது நேற்று, வேறு காரணத்துக்கு. ஆனாலும் போனாள். வலேரி மன்னிப்புக் கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டினார். படிவக் கட்டு ஒன்றை மேசையின் மேல் தள்ளினார்.

"தாரியோவோட போங்க. முப்பத்தெட்டையும் ஏணி வெச்சுப் பாருங்க. மூட வேண்டியதை மூடுங்க, எங்கிட்டக் கேக்க வேணாம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "பேப்பர்காரங்க என்னைத்தான் கிழிப்பாங்க. கிழிக்கட்டும்."

கிழித்தார்கள். பிறந்தநாள் பரிசாகப் பூட்டு என்று ஒரு பத்திரிகை எழுதியது. 'க்யா' நின்றுவிடவில்லை, ஆனால் இப்போது அது தாரியோவுக்கும் கேட்டது. அவன் அதை ஒரு மாதிரிச் சிரிப்போடு வாங்கிக்கொண்டான்.

மூன்று நாள் ஆயிற்று முப்பத்தெட்டையும் பார்க்க. குடலில் இருந்ததைத் தவிர இன்னும் ஒன்பது சென்சார்கள் இரண்டு காலையும் புதுச் செங்கல்லில் ஊன்றி நிம்மதியாகப் பூஜ்யம் சொல்லிக்கொண்டிருந்தன. எட்டு இடத்தில் பின்னால் கெட்டியாக இருந்தது, தட்டிப் பார்த்ததில் தெரிந்தது. இருந்தாலும் மூடினார்கள், உறுதியாகும் வரை. ஒன்பதாவது, பசிலிக்காப் பக்கம், ஒரு தூணோரத்துச் சுவர். தட்டினால் ஓரிடத்தில் கெட்டி, ஓரிடத்தில் பொள்ளல் போலவும் இல்லை போலவும் இருந்தது. தாரியோ மூன்று தடவை தட்டிவிட்டு அவளைப் பார்த்தான். அவளும் தட்டினாள். அவளுக்கும் தெரியவில்லை.

சங்கிலி போட்டாயிற்று. ஒர்னெல்லா ரப்பர்க் கிண்ணத்தில் ஜிப்சத்தைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். வீக்கம் முழுதும் வடியாத கையால் பழைய செங்கல்லின் மேல், விரிசலுக்குக் குறுக்கே, கண்ணாடியை வைத்து அழுத்தினாள். ஆணியால் தேதியைக் கீறினாள்.

"எவ்வளவு நேரத்துல காயும்?" என்றான் தாரியோ.

"கால் மணி நேரம். முழுசா இறுக நாளைக்கு ஆகும்."

"அதுவரைக்கும்?"

"நீங்க போய்ச் சாப்பிடுங்க. காலைல வந்து பாத்துக்கலாம்."

அவன் போகவில்லை. எதிரே கிடந்த பளிங்குத் துண்டின் மேல் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சங்கிலிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம் கடந்து போனது. முட்டை வைத்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பாதியை அவனிடம் நீட்டினாள் ஒர்னெல்லா. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் அதை வாங்கிக்கொண்டான்.